பிசிசில போட்ட மெயில் வேற ஆளுக்கு ஏன் போச்சு?

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேசினதை, படிக்க வசதியாக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

ஒரு சின்ன ஆபீஸ், ஒரு சின்ன மெயில் சர்வர், தப்பான கைக்குப் போன ஒரு மெயில். இன்னைக்கு எபிசோட் முழுக்க இந்த மூணு பேரைப் பத்தித்தான்.

நிலைமை இப்படின்னு வச்சுக்கோங்க. பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிற ஆபீஸ். சொந்தமா ஒரு டொமைன் வச்சிருக்காங்க. மூலையில ஒரு பழைய கம்ப்யூட்டர், அதுல லினக்ஸ், அதுதான் மெயில் சர்வர். வெளியில இருக்கிற ஆடிட்டர் ஒரு பேங்க்குக்கு மெயில் அனுப்பறார். ஆபீஸ் முதலாளிக்கும் ஒரு காப்பி போகணும், ஆனா அது பேங்க்குக்குத் தெரிய வேண்டாம். அதனால முதலாளி முகவரியை பிசிசில போடறார். மெயில்ல என்ன விஷயம்? கடன் தவணை கட்ட முடியல, அடுத்த மாசம் நாலு பேரைக் குறைக்கப் போறோம்னு விஷயம். அது முதலாளிக்கு வரல. ரிசப்ஷன்ல 'இன்ஃபோ' மெயில்பாக்ஸைப் பார்த்துக்கிறவங்களோட ஸ்க்ரீன்ல வந்து நிக்குது. அந்த நாலு பேர்ல அவங்களும் ஒருத்தர்.

மெயிலைத் திறந்தா டூ-ல பேங்க் முகவரி மட்டும்தான் இருக்கு. இவங்க பேரும் இல்ல, முதலாளி பேரும் இல்ல. "எனக்கு எப்படி இது வந்துச்சு?"ன்னு கேட்டா யாருக்கும் பதில் தெரியாது. உடனே என்ன சொல்வாங்க? ஹேக் பண்ணிட்டாங்க. பாஸ்வேர்டு மாத்துவாங்க, ஆன்டிவைரஸ் ஓட்டுவாங்க, கடைசியில ஆடிட்டருக்கு போன் போட்டுத் திட்டுவாங்க. அவர் சென்ட் ஃபோல்டரைத் திறந்து காட்டினா, பிசிசில முதலாளி முகவரி ஒரு எழுத்துப் பிசகாம இருக்கும்.

சரி, அப்போ என்னதான் ஆச்சு?

பத்திரிகை வேற, கவர் வேற

கல்யாணப் பத்திரிகையை நினைச்சுக்கோங்க. உள்ளே "அன்புடையீர்"னு அச்சடிச்சிருக்கும். ஆயிரம் பத்திரிகைக்கும் அதே வரிதான். இது யாருக்குன்னு உள்ளே எங்கயும் இருக்காது. பேரும் முகவரியும் வெளியில, மஞ்சள் தடவின கவர் மேல இருக்கும். (அதை எழுதற வேலை எப்பவும் வீட்ல சின்னப் பசங்க தலையிலதான் விழும்.) போஸ்ட்மேன் கவரை மட்டும்தான் பார்ப்பார். பிரிச்சு உள்ளே படிச்சுட்டு, "மணமகன் பேர் தெரிஞ்ச பேரா இருக்கே, அங்க கொண்டு போய்க் குடுத்துடலாம்"னு கிளம்ப மாட்டார்.

ஈமெயில்லயும் அப்படியே ரெண்டு அடுக்கு. நீங்க ஸ்க்ரீன்ல பார்க்கிற ஃப்ரம், டூ, சிசி எல்லாம் பத்திரிகையில அச்சடிச்ச வரிகள். அதுக்கு ஹெடர்னு பேர். ஒரு சர்வர் இன்னொரு சர்வர்கிட்ட மெயிலை ஒப்படைக்கும்போது தனியா ஒரு கவர் இருக்கும். நேரா என்வலப்னே அதைச் சொல்றாங்க.

அந்த ஒப்படைப்பு கிட்டத்தட்ட ஒரு பேச்சு மாதிரிதான் நடக்கும். அனுப்பற சர்வர் முதல்ல வணக்கம் சொல்லும். அப்புறம் 'மெயில் ஃப்ரம்'னு யார் அனுப்பறாங்கன்னு சொல்லும். அடுத்து 'ஆர்சிபிடி டூ'ன்னு யாருக்குன்னு சொல்லும். பத்து பேருக்குன்னா அந்த வரி பத்து தடவை வரும், வாங்கற சர்வர் ஒவ்வொண்ணுக்கும் சரின்னோ முடியாதுன்னோ பதில் சொல்லும். எல்லாம் முடிஞ்ச அப்புறம்தான் 'டேட்டா'ன்னு சொல்லி மொத்தக் கடிதத்தையும் ஹெடரோட சேர்த்து அனுப்பும். கடிதத்துல டூன்னு என்ன எழுதியிருக்குன்னு பார்த்து விநியோகம் பண்ற வேலை இதுல எங்கயும் இல்ல.

இது நேத்து வந்த ஏற்பாடு இல்ல. 1982 ஆகஸ்ட்ல ரெண்டு ஆவணம் வந்துச்சு. கவர் எப்படிக் கைமாறணும்னு ஆர்எஃப்சி 821 சொல்லுது, எழுதினவர் ஜான் போஸ்டல். உள்ளே கடிதம் எப்படி இருக்கணும்னு ஆர்எஃப்சி 822 சொல்லுது, அது டேவிட் கிராக்கர் எழுதினது. ரெண்டு விஷயம், ரெண்டு ஆவணம், ரெண்டு ஆள். 2008 அக்டோபர்ல ரெண்டையும் புதுப்பிச்சப்பவும் 5321, 5322ன்னு தனித்தனியாத்தான் வச்சாங்க.

இப்போ பிசிசி. பி-ன்னா பிளைண்ட், சிசி-ன்னா கார்பன் காப்பி. கார்பன் பேப்பரைப் பார்க்காதவங்களுக்கு: டைப்ரைட்டர்ல ரெண்டு தாளுக்கு நடுவுல ஒரு மைத்தாள் வச்சு அடிச்சா கீழே இருக்கிற தாள்லயும் அதே எழுத்து விழும், அதான் காப்பி. பிசிசின்னா கவர் மேல பேர் இருக்கும், உள்ளே இருக்கிற பத்திரிகையில இருக்காது. அவ்வளவுதான் மேட்டர். ரகசியப் பூட்டு எதுவும் அதுல கிடையாது, என்க்ரிப்ஷனும் கிடையாது.

எல்லாத்தையும் சொல்ற ஒரு கேள்வி

இதுல இருந்து ஒரு முடிவு தானா வருது. நல்லா வேலை செய்யற ஒரு மெயில் சர்வருக்கு டூ, சிசி, பிசிசி மூணும் ஒண்ணுதான். கவர் மேல எல்லாமே 'ஆர்சிபிடி டூ' தானே! இது பிசிசி, அதனால வேற மாதிரி நடத்தணும்னு அதுக்குத் தெரியவே வழியில்ல.

அதனால இந்த மாதிரிப் புகார் வந்தா சர்வரைத் தொடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அதே ஆளுக்கு டூ-ல போட்டு அனுப்பினா சரியா வருதா?

அதுவும் வரலைன்னா அது சாதாரணப் பிரச்சனை. முகவரி தப்பு, அலியாஸ் தப்பு, மெயில்பாக்ஸ் இல்ல, இப்படி ஏதாவது. ஆனா டூ-ல சரியா வருது, பிசிசில மட்டும் தப்பாப் போகுதுன்னா அர்த்தம் ஒண்ணுதான். வழியில யாரோ கவரைக் கிழிச்சுப் போட்டுட்டு, உள்ளே இருக்கிறதைப் படிச்சு முகவரி ஊகிக்கிறாங்க. அந்த யாரோ யாருன்னு கண்டுபிடிக்கிறதுதான் உங்க வேலை. சின்ன ஆபீஸ்ல பெரும்பாலும் அது ஒரே ஆள்தான்.

மொத்தமா அள்ளிட்டு வர்ற பழக்கம்

சின்ன ஆபீஸ் சர்வர்கள் நிறைய நேரடியா இன்டர்நெட்ல இருந்து மெயில் வாங்கறதில்ல. நிலையான ஐபி முகவரி இருக்காது, கரன்ட் போகும், லைன் போகும். அதனால வெளியில ஒரு ஹோஸ்டிங் கம்பெனிகிட்ட ஒரே ஒரு மெயில்பாக்ஸ் வாங்குவாங்க. நம்ம டொமைனுக்கு எந்தப் பேர்ல மெயில் வந்தாலும் அந்த ஒரே பெட்டியில விழும். அதுக்கு கேட்ச்-ஆல்னு பேர். ஆபீஸ் சர்வர் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாப்3 வழியா அங்க போய் மொத்தத்தையும் அள்ளிட்டு வந்து, உள்ளே பன்னிரண்டு பேருக்கும் பிரிச்சுக் குடுக்கும். இந்த முறைக்கு மல்டிடிராப்னு பேர். பழைய டயல்-அப் காலத்துல காசு மிச்சம் பண்ண வந்த ஏற்பாடு. இன்னும் சாகல.

பிரச்சனை எங்கன்னு இப்பவே உங்களுக்குப் பட்டிருக்கும். மெயில் அந்த ஹோஸ்டிங் பெட்டியில விழுந்த நொடியில கவரோட வேலை முடிஞ்சுது, கவர் குப்பைக்குப் போயிடும். பெட்டியில இருக்கிறது பத்திரிகை மட்டும்தான். கூட்டுக் குடும்பத்துல வாட்ச்மேன் எல்லாக் கவரையும் கிழிச்சு எறிஞ்சுட்டு, பத்திரிகைகளை மட்டும் கட்டா உள்ளே குடுக்கிற மாதிரி. பெரியப்பாவுக்கு வந்தது எது, சித்திக்கு வந்தது எதுன்னு "அன்புடையீர்"ஐப் பார்த்து எப்படிச் சொல்றது?

இந்த வேலைக்கு ரொம்ப காலமாப் புழங்கற புரோகிராம் ஃபெட்ச்மெயில். எரிக் ரேமண்ட் 90கள்ல எடுத்து வளர்த்தது. 'கதீட்ரலும் பஜாரும்'னு ஓப்பன் சோர்ஸ் பத்தின அவரோட பிரபலமான கட்டுரை இந்த ஃபெட்ச்மெயில் அனுபவத்தை வச்சு எழுதினதுதான். அதோட கையேட்டுல மல்டிடிராப் பெட்டிகளைப் பயன்படுத்தறதும் துஷ்பிரயோகம் பண்றதும்னு தனியா ஒரு பகுதியே இருக்கு. ஒரு வசதியைக் குடுத்துட்டு, அதைத் தொடாதேன்னு பக்கம் பக்கமா எச்சரிக்கிறதைப் பார்த்தாலே தெரிய வேண்டாமா?

கவர் இல்லாதப்போ ஃபெட்ச்மெயில் என்ன பண்ணும்? தடயம் தேடும். ஹெடர்ல 'ரிசீவ்ட்'னு ஆரம்பிக்கிற வரிகள் இருக்கும், மெயில் கடந்து வந்த ஒவ்வொரு சர்வரும் குத்தின தபால் முத்திரை மாதிரி. அதுல சில சமயம் 'ஃபார்'னு போட்டு யாருக்குங்கிறது இருக்கும். ஆனா ஒரே ஒப்படைப்புல ரெண்டு மூணு பேர் இருந்தா போஸ்ட்ஃபிக்ஸ், சென்ட்மெயில் மாதிரி சர்வர்கள் அந்த 'ஃபார்' பகுதியை எழுதாது. காரணம் அழகானது: எழுதினா பிசிசில இருக்கிறவர் பேர் மத்தவங்களுக்குத் தெரிஞ்சுடும். ரகசியம் காக்கிற அதே நல்ல பழக்கம் இங்க தடயத்தை அழிச்சுடுது.

தடயம் இல்லைன்னா டூ, சிசி வரிகளைப் பார்த்து ஊகிக்கும். இதுல நம்ம கதை மூணு விதமா முடியலாம்.

முதல் விதம் நம்ம ஆடிட்டர் மெயில். டூ-ல பேங்க் மட்டும், நம்ம டொமைன் முகவரி எதுவுமே இல்ல. ஃபெட்ச்மெயில், உள்ளூர்ல யாரும் பொருந்தலைன்னு லாக்ல ஒரு வரி எழுதிட்டு, போஸ்ட்மாஸ்டர்னு நியமிச்ச ஆளுக்குத் தள்ளிடும். அந்த ஆபீஸ்ல போஸ்ட்மாஸ்டர்ங்கிற இடத்துல என்னிக்கோ யாரோ 'இன்ஃபோ'ன்னு எழுதி வச்சிருக்காங்க. ஹேக்கும் இல்ல ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது விதம் இன்னும் நுணுக்கமானது. டூ-ல ரவி, பிசிசில மீனா, ரெண்டு பேரும் அதே ஆபீஸ். கேட்ச்-ஆல் பெட்டியில ரெண்டு பிரதி விழுது, ஒண்ணு ரவிக்கு, ஒண்ணு மீனாவுக்கு. ஆனா ரெண்டு பிரதியும் ஒரே அச்சு, ரெண்டுலயும் டூ-ல ரவி பேர்தான். ரெண்டுமே ரவிகிட்ட போகும். ரவி என்ன புகார் சொல்வார்? "எனக்கு சில மெயில் ரெண்டு ரெண்டு தடவை வருது." இதை யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, டெலீட் பண்ணிட்டுப் போயிடுவார். அந்த ரெண்டாவது பிரதி இன்னொருத்தருக்கு வந்த ரகசியக் காப்பி. ஒரு ஆபீஸ்ல "மெயில் டபுளா வருது"ன்னு ஒருத்தரும், "எனக்குக் காப்பி போட்டேன்னு சொன்னாங்க, வரல"ன்னு இன்னொருத்தரும் ஒரே வாரத்துல சொன்னா, அந்த ரெண்டு புகாரையும் சேர்த்து வச்சுப் பாருங்க. சில புரோகிராம் மெசேஜ் ஐடி ஒண்ணா இருக்கேன்னு ரெண்டாவது பிரதியைச் சத்தமில்லாம வீசிடும். அப்போ ரவி புகாரும் வராது, மீனாவோட மெயில் எங்கன்னு யாருக்கும் தெரியாது.

மூணாவது விதம் மோசம். சரியா எழுதாத சில இணைப்பு மென்பொருள்கள் டூ-ல இருக்கிற வெளி ஆட்களுக்கே மெயிலைத் திரும்ப அனுப்பிடும். குழு மெயில்னா ஒரு சுற்று சுத்தி எல்லாருக்கும் மறுபடி வரும். அந்த நாள்ல உங்க ஆபீஸுக்கு வர்ற போன் கால் எதுவும் நல்ல காலா இருக்காது.

கண்டுபிடிக்கிறது எப்படி

தப்பாப் போன அந்த மெயிலை எடுத்துக்கோங்க. ஃபார்வர்டு பண்ணச் சொல்லாதீங்க, ஃபார்வர்டு பண்ணினா பழைய ஹெடர் போயிடும். அதோட மூல வடிவம் வேணும். ஜிமெயில்ல 'ஷோ ஒரிஜினல்', தண்டர்பேர்டுல 'மெசேஜ் சோர்ஸ்'. 'ரிசீவ்ட்' வரிகளைக் கீழ இருந்து மேல படிங்க, ஏன்னா ஒவ்வொரு சர்வரும் தன்னோட முத்திரையை மேலதான் குத்தும். மேல் பக்கத்துல ஃபெட்ச்மெயில் பேரோட ஒரு வரி இருந்து, அதுல 'மல்டி-டிராப்'னு போட்டிருந்தா விசாரணை கிட்டத்தட்ட முடிஞ்சுது. ஃபெட்ச்மெயில் தானே அப்படி எழுதி வைக்கும், நல்ல பிள்ளை.

அடுத்து லாக். போஸ்ட்ஃபிக்ஸ்னா ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு க்யூ ஐடி இருக்கும். அந்த ஐடியை வச்சுத் தேடினா அந்த மெயிலோட முழு ஜாதகமும் வரும். யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு 'கிளையன்ட்' வரி சொல்லும். அங்க வெளி சர்வர் பேருக்குப் பதிலா 'லோக்கல்ஹோஸ்ட்'னு இருந்தா, உங்க கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்கிற ஏதோ ஒண்ணு அதைக் கொண்டு வந்து போட்டிருக்கு. அப்புறம் 'டூ' வரி, அதுதான் கடைசியாப் போன முகவரி. பக்கத்துல 'ஒரிக் டூ'ன்னு இருந்தா அது முதல்ல கவர்ல இருந்த முகவரி. ரெண்டும் வேறயா இருந்தா மட்டும்தான் 'ஒரிக் டூ' எழுதும். 'ஒரிக் டூ'ல முதலாளி, 'டூ'ல இன்ஃபோன்னு இருந்தா கவர் சரியாத்தான் வந்திருக்கு, நம்ம அலியாஸ் பட்டியல்தான் திருப்பி விட்டிருக்கு. 'ஒரிக் டூ'வே இல்லாம 'டூ'லயே இன்ஃபோன்னு இருந்தா, மெயில் உள்ளே வரும்போதே கவர் மேல தப்பான பேர். மறுபடி ஃபெட்ச்மெயில் பக்கம் திரும்புங்க.

அந்த அலியாஸ்ல ஒரு பிரபலமான பள்ளம் இருக்கு, ஒரு வரியில சொல்லிடறேன். போஸ்ட்ஃபிக்ஸ்ல 'விர்ச்சுவல் அலியாஸ்' பட்டியல்ல கேட்ச்-ஆல் போட்டா, அது மெயில்பாக்ஸ் இருக்கான்னு பார்க்கிறதுக்கு முன்னாடியே வேலை செய்யும். புதுசாச் சேர்ந்தவருக்கு மெயில்பாக்ஸ் உருவாக்கிட்டு, அலியாஸ் பட்டியல்ல அவர் முகவரியை அவருக்கே காட்டற ஒரு வரி சேர்க்க மறந்தா அவரோட எல்லா மெயிலும் கேட்ச்-ஆலுக்குத்தான் போகும். ஆனா அப்போ டூ, பிசிசி வித்தியாசம் இருக்காது, நம்ம முதல் கேள்விலயே அது தனியாப் பிரிஞ்சுடும்.

லாக்ல யாருமே டைப் பண்ணாத ஒரு முகவரி கூடுதலா நிக்குதா? 'ஆல்வேஸ் பிசிசி', 'சென்டர் பிசிசி மேப்ஸ்', 'ரிசிப்பியன்ட் பிசிசி மேப்ஸ்'னு மூணு அமைப்பு இருக்கு. சர்வரே தானா ஒரு ரகசியக் காப்பி எடுத்து ஒருத்தருக்கு அனுப்பும். பழைய அட்மின் போகும்போது காலி பண்ணாம விட்டுட்டுப் போன மேப்புகள் நிறைய இருக்கு. இது கோளாறா, யாராவது வேணும்னே வச்ச கண்காணிப்பாங்கிறது டெக்னிக்கல் கேள்வி இல்ல, அதை மேனேஜ்மென்ட்கிட்ட எழுத்துல கேளுங்க.

ஃபெட்ச்மெயிலே இல்லாத சர்வர்லயும் பிசிசி மட்டும் வழி தப்பும். அப்போ ஃபில்டர்களைப் பாருங்க. பழைய புரோக்மெயில் விதிகள் ஹெடர்ல இருக்கிற டூவைத்தான் பார்க்கும். சீவ் மொழியில எழுதற விதிகள்ல 'அட்ரஸ்'னு சோதிச்சா கடிதத்தைப் பார்க்கும், 'என்வலப்'னு சோதிச்சா கவரைப் பார்க்கும். "டூ-ல என் பேர் இல்லைன்னா ஸ்பேம்ல போடு"ன்னு யாராவது கெட்டிக்காரத்தனமா விதி எழுதியிருந்தா, அவருக்கு பிசிசில வர்ற எல்லாமே குப்பைத் தொட்டிக்குத்தான்.

உறுதிப்படுத்த மூணு சோதனை மெயில் வெளியில இருந்து அனுப்புங்க. ஒண்ணு, மீனாவுக்கு டூ-ல. ரெண்டு, டூ-ல உங்க வெளி முகவரி, பிசிசில மீனா. மூணு, டூ-ல ரவி, பிசிசில மீனா. ஒவ்வொண்ணுக்கும் தனித் தலைப்பு வையுங்க, உள்ளே ரகசியம் எதுவும் வேண்டாம். கமாண்ட் லைன் பழக்கம் இருந்தா ஸ்வாக்ஸ்னு ஒரு கருவி இருக்கு. கவர்ல ஒரு முகவரி, கடிதத்துல வேற முகவரின்னு நீங்களே வச்சு அனுப்பிப் பார்க்கலாம்.

சரி பண்றது

நல்ல வழி, அள்ளிட்டு வர்றதையே நிறுத்தறது. ஒவ்வொருத்தருக்கும் ஹோஸ்டிங்லயே தனி மெயில்பாக்ஸ் வாங்கலாம், இல்லைன்னா மெயில் நேரா ஆபீஸ் சர்வருக்கே வர்ற மாதிரி எம்எக்ஸ் மாத்தலாம். ரெண்டாவது வழிக்கு நிலையான ஐபி, ஸ்பேம் தடுப்பு, கரன்ட் போனா என்ன பண்றதுங்கிற கவலை எல்லாம் கூட வரும். பன்னிரண்டு பேர் ஆபீஸுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். மாசம் கொஞ்சம் காசு கூடும். நாலு பேரோட வேலை விஷயம் ரிசப்ஷன் ஸ்க்ரீன்ல விழறதோட ஒப்பிட்டா அது ஒரு காசே இல்ல.

முடியவே முடியாதுன்னா ஹோஸ்டிங் கம்பெனிகிட்ட ஒண்ணு கேளுங்க. கவர்ல இருந்த முகவரியை ஹெடர்ல ஒரு வரியா எழுதிக் குடுப்பீங்களா? போஸ்ட்ஃபிக்ஸ் அதை 'எக்ஸ்-ஒரிஜினல்-டூ'ன்னு எழுதும், எக்ஸிம்ல 'என்வலப்-டூ'ன்னு எழுத வைக்கலாம். அந்த வரி வந்தா ஃபெட்ச்மெயில் அமைப்புல 'என்வலப்'ங்கிற இடத்துல அந்த ஹெடர் பேரைக் குடுங்க, ஊகிக்கிறதை விட்டுட்டு அதை மட்டும் பார்க்கும். 'டெலிவர்ட்-டூ'ன்னும் ஒண்ணு இருக்கும், அதை நம்பறதுக்கு முன்னாடி திறந்து பாருங்க. கேட்ச்-ஆல் வழியாப் போனதுன்னா நிறைய இடத்துல அதுல கடைசிப் பெட்டியோட பேர்தான் இருக்கும், மீனா பேர் இருக்காது.

எழுதித் தர மாட்டோம்னு அவங்க சொன்னா? அப்போ தீர்வு இல்ல. எவ்வளவு புத்திசாலித்தனமா ஸ்க்ரிப்ட் எழுதினாலும் இல்ல, ஏன்னா அந்தத் தகவல் உங்ககிட்ட வந்து சேரவே இல்ல. ஹோஸ்டிங்கை மாத்துங்க. மாத்தற வரைக்கும் போஸ்ட்மாஸ்டர் பெட்டியை ரிசப்ஷன்ல இருந்து எடுத்து, பொறுப்பான ஒரே ஒருத்தர்கிட்ட குடுங்க.

தப்பான இடத்துல ஏற்கனவே சிக்கின மெயிலை உரியவருக்குச் சேர்க்க, அந்த மெயிலை ஒரு ஃபைலா சேமிச்சு, 'சென்ட்மெயில்' கமாண்டுக்கு மீனா முகவரியை மட்டும் குடுத்து உள்ளே தள்ளுங்க. கடிதம் அப்படியே, கவர் மட்டும் புதுசு. அந்தக் கமாண்ட்ல 'ஹைஃபன் டி'ங்கிற ஆப்ஷனை மட்டும் போட்டுடாதீங்க. அது, ஹெடர்ல இருக்கிற எல்லாருக்கும் அனுப்புன்னு அர்த்தம். ஆடிட்டர் மெயில் பேங்க்குக்கு இன்னொரு தடவை போகும், இந்தத் தடவை உங்க சர்வர்ல இருந்து.

அனுப்பற பக்கம்

இதுவரைக்கும் வாங்கற பக்கம் பார்த்தோம். அனுப்பும்போதே பிசிசி வரி கடிதத்துல தங்கிப் போறதும் உண்டு. ஆர்எஃப்சி 5322 இதுல ஒரே வழியைச் சொல்லல. பிசிசி வரியை எல்லாப் பிரதியில இருந்தும் எடுத்துடலாம், பிசிசில இருக்கிறவங்களுக்கு மட்டும் அந்த வரியோட தனிப் பிரதி அனுப்பலாம், இல்லைன்னா முகவரி இல்லாத வெறும் பிசிசி வரியை விடலாம். எடுக்கிற வேலை யாரோடதுங்கிறதுலதான் குழப்பம். போஸ்ட்ஃபிக்ஸ் தன் கைக்கு வர்ற மெயில்ல பிசிசி வரியைத் தானே நீக்கிடும். எக்ஸிம், 'ஹைஃபன் டி'யோட கூப்பிட்டாத்தான் நீக்கும். மட்-ங்கிற மெயில் புரோகிராம் பழைய பதிப்புகள்ல பிசிசி வரியை எழுதியே அனுப்பும், எக்ஸிம் வச்சிருக்கிறவங்க இதை அணைச்சுடுங்கன்னு அதோட கையேட்டுலயே போட்டிருந்தாங்க. ரெண்டு பேரும் அடுத்தவன் எடுப்பான்னு நினைச்சா என்ன ஆகும், பாருங்க.

பைதான்ல மெயில் அனுப்பற நண்பர்களுக்கு: 'எஸ்எம்டிபி லிப்'ல 'சென்ட்மெயில்'னு ஒரு ஃபங்ஷன், 'சென்ட் மெசேஜ்'னு ஒரு ஃபங்ஷன். ரெண்டாவது, பிசிசில இருக்கிறவங்களுக்கும் அனுப்பிட்டு அந்த வரியை நீக்கிடும். முதலாவது நீங்க குடுத்ததை அப்படியே தள்ளும். அதுல பிசிசியை ஹெடர்ல மட்டும் எழுதினா அந்த ஆளுக்கு மெயில் போகாது, ஆனா அவர் பேர் எல்லாருக்கும் தெரியலாம். இதை விடத் தலைகீழா ஒரு பிழை பண்ண முடியாது.

மனுஷங்க பண்ற தப்பு இன்னும் பெருசு. 2021 செப்டம்பர் 20, தாலிபான் ஆட்சியைப் பிடிச்ச சில வாரம். ஆஃப்கானிஸ்தான்ல பிரிட்டனுக்கு வேலை பார்த்து, அங்கிருந்து வெளியேறக் காத்திருந்த 245 பேருக்கு பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் ஒரே மெயில் அனுப்புச்சு, எல்லா முகவரியும் டூ-ல. ரெண்டு பேர் ரிப்ளை ஆல் பண்ணினாங்க, ஒருத்தர் தான் இருக்கிற இடத்தையே அதுல எழுதியிருந்தார். அந்தப் பட்டியல் தாலிபான் கையில கிடைச்சிருந்தா உயிர் போயிருக்கும்னு பிரிட்டனோட தகவல் ஆணையர் அலுவலகம் சொல்லி, 2023 டிசம்பர்ல 3,50,000 பவுண்ட் அபராதம் போட்டுச்சு. அதுக்கு முன்னாடி 2015ல லண்டன்ல ஒரு பாலியல் நல கிளினிக்ல இருந்து ஹெச்ஐவி சேவை பத்தின செய்திமடல் 700க்கும் மேல பேருக்கு இதே மாதிரி போச்சு, பெரும்பாலானவங்க முழுப் பேரோட. அதுக்கு அபராதம் 1,80,000 பவுண்ட். ஆபத்தான பட்டியல்னா பிசிசியையே நம்பாதீங்க, ஆளுக்கு ஒரு மெயிலா தனித்தனியா அனுப்பற கருவியை எடுங்க.

நம்ம ஊர்லயும் 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாம விட்டா அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகலாம்.

கடைசியா, "நாங்க ஜிமெயில்தான், எங்களுக்கு இது வராது இல்ல?"ன்னு கேட்பீங்க. ஆளுக்கு ஒரு பெட்டி இருக்கிறதால மல்டிடிராப் தொல்லை வராது. கவரைப் பார்த்து வச்சுக்கிறதாலதான் பிசிசில வந்த மெயில்ல 'பிசிசி: நான்'னு அது காட்டுது. ஆனா ஒரே பெட்டிக்கு நாலஞ்சு முகவரி அலியாஸா வச்சு, டூவைப் பார்த்து லேபிள் பிரிக்கிற ஃபில்டர் எழுதியிருந்தீங்கன்னா, பிசிசில வந்தது அதுல மாட்டாது. தேடல் பெட்டியில 'டெலிவர்ட்டூ'ன்னு சேர்த்து எழுதி, முக்காற்புள்ளி வச்சு, முகவரியைப் போட்டுத் தேடிப் பாருங்க. டூ-ல உங்க பேர் இல்லாத சில மெயில் அங்க உட்கார்ந்திருக்கலாம்.